குடல் நோய்க்குக் கஞ்சாவா?



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் சிலர் தேக்கா பக்கமிருந்து ஒரு பேச்சைக் கொண்டு வருகிறார்கள். "தீராத வயித்துப்போக்கா? தாய்லாந்துல கஞ்சா எண்ணெய் விக்கிறான், நாலு சொட்டு போட்டா நின்னுடும்" என்கிறார்கள்.

நிற்கலாம். ஆபத்தே அதில்தான்.

கிரோன் நோய், பெருங்குடல் புண் நோய் என்று இரண்டு உண்டு. உடம்பின் காவல் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நாள்பட்ட சீக்கு. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் எடுத்த கணக்குகளில் மற்ற இனத்தாரைவிட இந்தியருக்கே இது அதிகம். ஆகவே இது நம்ம வீட்டு விஷயம்.

கஞ்சா குடலின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும், வலியைக் குறைக்கும். நாட்டு வைத்தியத்தில் கழிச்சலுக்குச் சேர்த்ததும் உண்டு. இஸ்ரேல் டாக்டர்கள் 2013-ல் 21 கிரோன் நோயாளிகளைச் சோதித்தார்கள். கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்குத் தொந்தரவு குறைந்தது. போதைச் சத்து நீக்கியதைப் புகைத்த 10 பேரில் 4 பேருக்குத்தான் குறைந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2021-ல் அவர்களே 56 பேரிடம் கஞ்சா எண்ணெயைச் சோதித்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்தார்கள். குடித்தவர்கள் சுகம் என்றார்கள். உள்ளே புண்ணைப் பார்த்தால், போலி மருந்து குடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. லயத்துக் கூரை ஒழுகும்போது வாளி வைத்த மாதிரிதான்! சுகமாச்சு என்று மாத்திரையை நிறுத்தினால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும், கத்தி வைக்க வேண்டிவரும்.

சட்டத்தையும் கேளுங்கள். சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா உட்கொண்டால் 10 வருஷம் வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாய்லாந்தில் உட்கொண்டாலும் குற்றமே. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்குவரை போகும். ஒரு கிலோ கஞ்சா வழக்கில் 2023 ஏப்ரலில் சாங்கியில் தூக்கிலிடப்பட்டவர் நம் தமிழர். யாரோ கொடுக்கிற பையை "மருந்துதானே" என்று வாங்கிச் சுமக்காதே, தம்பி!

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை உண்டு. கஞ்சாவிலிருந்து சுத்திகரித்த மருந்தைக் கடும் வலிப்பு நோயாளிகள் சிலருக்கு, டாக்டர் மூலமாக, சிங்கப்பூரே அனுமதித்திருக்கிறது. குடலுக்கும் ஒன்று நாளை நிரூபணமானால், பணக்காரனோடு நிற்காமல் கூலிக்காரனுக்கும் கிடைக்க வேண்டும். இன்றைய ஊசி மருந்துகளின் விலையே நமக்கு எட்டாது. சங்கம் முதலில் அதைக் கேட்கட்டும்.

மலத்தில் ரத்தம் போனாலோ, வாரக்கணக்கில் கழிந்து உடம்பு இளைத்தாலோ, வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், அம்மா. குடல் காசநோயும் இதே மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் குழாய்ப் பரிசோதனை கேளுங்கள். சம்பளம் போகுமே என்று பார்க்காமல் எம்.சி.யும் கேட்டு வாங்குங்கள்.