பொட்டலமும் உயிரும்

ஒருவன் விற்ற போதை மருந்தினால் இன்னொருவன் மாண்டான். விற்றவனுக்குக் கிடைத்ததோ சில வருஷத் தண்டனைதான். இப்படிப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், "ஓர் உயிரின் விலை இவ்வளவுதானா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜட்ஜின் மனம் இளகிவிட்டது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் இளக்கம் பெரும்பாலும் ஜட்ஜிடம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1996-ம் வருஷம், ஒரு விடுதியில், ஒருவன் ஹெராயினைக் கரைத்து ஊசியில் ஏற்றி மற்றொருவனிடம் கொடுத்தான். வாங்கியவன் தானே குத்திக்கொண்டான்; சிறிது நேரத்தில் மாண்டான். மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கொடுத்தவனுக்கு 5 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. 2007-ல் பிரபுக்கள் சபை அக்குற்றத் தீர்ப்பை ரத்து செய்தது. வயது வந்தவன் ஒருவன் அறிந்து, தன் இஷ்டப்படி செய்த காரியத்துக்குப் பிறன் பொறுப்பாளி ஆகான் என்பது அதன் நியாயம். ஸ்காட்லாந்துக் கோர்ட்டோ, 2009-ல், உட்கொண்டவன் தானே உட்கொண்டான் என்பதனாலேயே கொடுத்தவன் எப்போதும் தப்பிவிட முடியாது என்றது. ஒரே ராஜ்யத்தில் இரண்டு நியாயங்கள்!

நம் நாட்டுச் சங்கதி என்ன? 1985-ம் வருஷத்துப் போதை மருந்துச் சட்டம் பொட்டலத்தை நிறுத்துப் பார்க்கிறது. ஹெராயின் 5 கிராமுக்குக் குறைவானால் அதிகபட்சம் 1 வருஷச் சிறை. 250 கிராமுக்கு மேற்பட்டால் 10 முதல் 20 வருஷம். அரைக் கிராம் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டாலோ, அந்தப் பிள்ளைக்கு இந்தத் தராசில் இடமில்லை! மரணத்துக்காக வேறு சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம் என்பது மெய்யே. ஆயினும் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 2024 ஜூன் வரையில் அதிகபட்சம் 2 வருஷந்தான். அதன் பிறகே 5 வருஷமாயிற்று.

அப்படியானால் கடுந்தண்டனையே வழியா? அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. 1986-ல் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கொக்கெயினால் மாண்டார். தேசமே பதறியது. அவ்வருஷமே, விற்ற மருந்தினால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 20 வருஷம் என்று சட்டம் பிறந்தது. பிற்காலத்தில் இத்தகைய வழக்குகளில் வியாபாரிகளுடன், பங்கிட்டுக்கொண்ட சிநேகிதர்களும் சிக்கினார்கள். பக்கத்தில் ஒருவன் மூச்சடைத்துக் கிடக்கையில், போலீஸுக்குப் பயந்து டாக்டரை அழைக்காமல் ஓடினால் யாருக்கு நஷ்டம்? இதனால் பல மாகாணங்கள், உதவிக்கு ஆள் அழைப்பவனுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டங்களையும் இயற்ற வேண்டியதாயிற்று.

நாம் கேட்க வேண்டியது இதுதான். லாபத்துக்காக, கொல்லக்கூடியது என்று தெரிந்தே விற்றவனுக்கு, பொட்டலம் எவ்வளவு சிறிதானாலும், நேர்ந்த மரணம் தண்டனையை உயர்த்தும் காரணமாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். தானும் அடிமைப்பட்டுப் பங்கிட்டுக்கொண்டவனை அவனோடு சேர்க்கலாகாது. ஆபத்து வேளையில் ஆள் அழைத்தவனுக்குச் சலுகை வேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினர்கள் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, நம் வீட்டுப் பெண்மணிகள் இதை அவர்களிடம் கேட்கட்டும்.