தனவித்திரதி

எம்முடன் பயிலும் நண்பரொருவர் ஆயுர்வேத மொழிபெயர்ப்பொன்றைப் புரட்டுங்கால், ‘தனவித்திரதி’ என்னுஞ் சொல்லைக் கண்டு, செல்வத்திற்கு நேர்ந்த கேடு போலும் என்று நகைத்தார். யாமும் உடன் நகைத்தோம். நூலிறுதியிலுள்ள சொற்குறிப்பைப் பார்த்தபோது, ‘முலையில் வருங் கட்டி’ என்றிருந்தது. நகை ஒழிந்தது, ஐயம் ஒழிந்திலது. கட்டி என்றால் எக்கட்டி?

ஈண்டுத் தனம் என்பது செல்வமன்று. ஸ்தனம் என்னும் வடசொல்லின் திரிபு. வித்திரதியாவது சீழ்கொள்ளுங் கட்டி. விரைந்து எரிந்து பழுப்பதால் இப்பெயர் பெற்றதென்று சரக சங்கிதை காரணங் கூறும். சுசுருத சங்கிதையோ முலைநோய்களை ஐந்தாக வகுத்து, அவற்றின் குறிகள் புறத்தே தோன்றும் வித்திரதியின் குறிகளை ஒக்கும் என்னும். பாலுள்ள முலையிலும் பாலற்ற முலையிலும் இந்நோய் வருமென்றும் அந்நூல் குறிக்கின்றது. சீழ்கொள்ளாது வளரும் அர்ப்புதத்தை அது வேறோர் அத்தியாயத்தில் வைத்தது. பழையோர் இரண்டையும் மயங்கினாரல்லர். இரண்டையும் ‘கட்டி’ என்று ஒரு சொல்லால் மூடிய நாமே மயங்கினோம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. சீழ்க்கட்டி பெரும்பாலும் பாலூட்டுந் தாயர்க்கு, காம்பின் வெடிப்பு வழியாகக் கிருமி புகுதலாலும் பால் தேங்குதலாலும் உண்டாவது. சீழை ஊசியாலேனும் கீறியேனும் நீக்கி, உரிய மருந்தளித்தால் ஆறும். பாலூட்டுதலைப் பெரும்பாலும் நிறுத்தவும் வேண்டா. புற்றுநோயோ பல வேளைகளில் வலியின்றியே வளரும். சிலபோது சிவந்து வீங்கிச் சீழ்க்கட்டி போலவுந் தோன்றும். ஆகவே மருந்துக்கு அடங்காத வீக்கத்தை மருத்துவர் சோதித்தே தீரவேண்டும். ‘வெறுங் கட்டிதானே’ என்றிருப்பவள் காலத்தை இழப்பாள். ‘கட்டியாமே’ என்று அஞ்சுபவள் உறக்கத்தை இழப்பாள்.

இதற்கு யாம் காணும் வழி எளிது. நம் தாய்மார் ‘பால் கட்டிக்கொண்டது’, ‘கட்டி பழுத்தது’, ‘சீழ் வைத்தது’ என்று ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு சொல் வழங்குகின்றனர். வடநூலார் ‘பக்குவம்’ என்றதும் இப்பழுத்தலையே. பழுக்காததை அறுப்பவனையும் பழுத்ததை அறுக்காது விடுபவனையும் சுசுருத சங்கிதை ஒருங்கே கடிகின்றது. எனவே தனவித்திரதிக்கு ‘முலைச் சீழ்க்கட்டி’ என்றே பொருளெழுதுக.

‘முலை’ என்றெழுத நாணுதல் வேண்டுமோ எனின், வேண்டா. சங்கப் புலவர் கூசாது வழங்கிய சொல்லை வகுப்பில் வாசிக்குங்கால் யாம் தலைகுனிகின்றோம். அந்நாணமே வீட்டிலுள்ள பெண்களையும் நோயை மறைக்கச் செய்கின்றது. சொல்லக் கூசும் நோய்க்கு மருந்து காலந்தாழ்த்தே வரும்.

தமிழ் பயில்வோர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவுவாருளர். நோய் தீர்ப்பது மருத்துவர் கடன். நோயின் பெயரைத் தெளிவாக்குவது நம் கடன் என்பதே எம் விடை.