பழைய சீட்டுக்கே மாத்திரையா?

என் மாமியாருக்கு வயது 72. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பப் போனால், புடவை நனைகிற அளவுக்கு வியர்த்து, பேச்சுக் குழறி, என்னையே "யாரும்மா நீ?" என்கிறார். பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது! குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.1. சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். இதைக் கேட்ட எதிர் வீட்டு அக்கா, "சுகர் மாத்திரை கிட்னியைத் தின்னுடும்னு அப்பவே சொன்னேனே! நான் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு" என்றாரே பார்க்கலாம்!

டாக்டரிடமே கேட்டேன். கெடுத்தது சர்க்கரை மாத்திரை இல்லையாம். வருஷக்கணக்காகக் கட்டுக்குள் வராத சர்க்கரையும், ரத்த அழுத்தமும்தான். (கூடவே, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளும். வாங்கிக் கொடுத்தது நான்தான்!)

ஆனால், சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் மாத்திரையை மாற்றியாக வேண்டும். அத்தை சாப்பிட்ட கிளிபென்கிளமைடு, பாதியளவு சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. அது உடம்பிலேயே தங்கிப் போய்ச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மெட்ஃபார்மினும் சிறுநீரகத்தைக் கெடுக்காது, ஆனால், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கு 30-க்குக் கீழே போனால் அதையும் நிறுத்த வேண்டுமாம். அத்தைக்கு 24. இப்போது இன்சுலின்தான்.

வருஷம் ஒரு தடவையாவது கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாங்களோ 2019-ல் எழுதிய சீட்டையே நீட்டி மாதாமாதம் வாங்கினோம். கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார். பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்த்து வாங்குகிற எனக்கு, சீட்டில் தேதி பார்க்கத் தோன்றவில்லையே! பயந்து நாமாக நிறுத்துவதும் தப்பு, கேட்காமல் தொடர்வதும் தப்பு. மாத்திரை டப்பாவை நிரப்புகிற சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சீட்டு எந்த வருஷத்தது?

எதிர் வீட்டு அக்காவை மறுநாளே வற்புறுத்தி அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 290. கிரியேட்டினின் 0.8, கிட்னி நன்றாகத்தான் இருக்கிறதாம்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.