ஆற்காடுன்னு தேடினா கோடம்பாக்கம் வருது!

கூகிள்ல இங்கிலீஷ்ல ஆற்காடுன்னு அடிச்சு, பக்கத்துல ஏதாவது ஒரு கடையோ தொழிலோ சேர்த்துத் தேடிப் பாருங்க மக்களே. வடபழனி, கோடம்பாக்கம், போரூர்னு வரிசையா வந்து நிக்கும். எல்லாம் சென்னை ஆற்காடு ரோட்டோட புண்ணியம். ஆற்காடு இளவரசரே இருக்கிறது ராயப்பேட்டை அமீர் மகால்ல. நிஜ ஆற்காட்டுல, பாலாத்தங்கரைல உக்காந்து மக்கன் பேடா சாப்பிடற எங்களை யாருங்க தேடப் போறாங்க? :-)

சிரிப்புக்குச் சொன்னாலும் இங்கே பல பேரோட பொழப்பு இதுல இருக்கு. ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தை ஒட்டின இந்தப் பக்கம் முழுக்க தோல்தான். பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் வர்ற வழியே வேற. கண்காட்சி, ஏஜெண்ட், முப்பது வருஷப் பழக்கம். ஷூ அப்பர் தைக்கிற, கையுறை, பெல்ட், பர்ஸ் பண்ற சின்ன யூனிட்டுக்கு அதெல்லாம் கிடையாது. எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து தேடும்போது கண்ணுல பட்டாத்தான் உண்டு.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன்னு தெரிஞ்சு மேல்விஷாரத்துல ஒரு பாய் கூப்பிட்டார். தெரிஞ்ச குடும்பம், சின்ன யூனிட்.

"தம்பி, நம்ம சைட்டுல நூத்துப் பதினாலு தப்பு இருக்குன்னு மெயில் வந்திருக்கு. ஆடிட் பண்ணணுமாம். ஃபயர் ஆடிட் பாத்தாச்சு, வெள்ளைக்காரன் அனுப்புற ஆடிட்டும் பாத்தாச்சு. இது என்னப்பா புது ஆடிட்?"

"பாய், அந்த மெயில் என் ஃப்ரெண்டோட மளிகைக் கடை சைட்டுக்கும் வந்திருக்கு. அதே நூத்துப் பதினாலு தப்போட."

இந்த மாதிரி மெயில் வர்றதை வச்சு உங்க சைட்டுக்கு ஆடிட் தேவைன்னு முடிவு பண்ணக் கூடாது. எந்தச் சைட்டை மென்பொருள்ல போட்டாலும் நூறு சிவப்புப் புள்ளி காட்டும். அதுல தொண்ணூறு, இருந்தா என்ன இல்லாட்டி என்ன ரகம். மெட்டா கீவேர்டு இல்லைன்னு இன்னிக்கும் ரிப்போர்ட்ல தப்பு போடறாங்க. அதை நாங்க பாக்கிறதே இல்லைன்னு கூகிள் 2009-லயே சொல்லிடுச்சு!

அப்போ எப்பதான் தேவை? என்னைக் கேட்டா, சைட்டைச் சுத்தி இருக்கிற உலகம் மாறி, சைட் மட்டும் மாறாம இருக்கும்போது. இல்லை, சைட் மாறினது வெளி உலகத்துக்கே தெரியாம இருக்கும்போது.

முதல் வகைக்கு எங்க ஊரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1989 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டம். அப்புறம் அது பிரிஞ்சு, பேர் மாறி மாறி, வேலூர் மாவட்டம்னு நின்னுச்சு. 2019 நவம்பர் 28-ல வேலூரும் மூணாப் பிரிஞ்சது. ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். (ஆற்காட்டுப் பேர்ல இப்போ ஒரு மாவட்டம் கூட இல்லைங்கிறது தனி சோகம்.) பின்கோடு மாறலை, வீடு மாறலை, பாலாறு மாறலை. ஆனா மேப்ல, அரசாங்கச் சான்றிதழ்ல எல்லாம் மாவட்டம் மாறிப் போச்சு. இன்னிக்கும் எத்தனை கம்பெனி சைட்டுல "வேலூர் மாவட்டம்"னு இருக்கு தெரியுமா?

இது போதாதுன்னு 2020 ஜூன்ல அரசு 1018 ஊர்களோட ஆங்கில எழுத்தை மாத்தி அரசாணை வெளியிட்டது ஞாபகம் இருக்கா? வேலூருக்கு ரெண்டு 'இ', ரெண்டு 'ஓ' எல்லாம் போட்டிருந்தாங்க. கிண்டல் தாங்காம ஒரு வாரத்துலயே வாபஸ். நல்ல வேளை. ஆனா வாபஸ் வாங்கினாலும் எங்க ஊர்ப் பேர்கள் ஒழுங்கா ஒரே எழுத்துல கிடையாது. ராணிப்பேட்டையை 'பெட்'னு முடிக்கிறவங்க உண்டு, 'பேட்டை'ன்னு முழுசா எழுதறவங்க உண்டு. திருப்பத்தூருக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு எழுத்து, ரயில்வே இன்னொரு எழுத்து. இதுல சிவகங்கைப் பக்கம் வேற ஒரு திருப்பத்தூர்!

பாயோட சைட்டைத் திறந்து பாத்தேன். சைட்டுல வேலூர் மாவட்டம், கூகிள் மேப்ல ராணிப்பேட்டை, ஒரு ஏற்றுமதி டைரக்டரியில பழைய போன் நம்பரோட ஆற்காடு. மூணும் ஒரே கம்பெனிதான்னு பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும். கூகிளுக்கு யார் சொல்றது?

அதை விடப் பெரிய விஷயம் இன்னொண்ணு. என்ன பொருள் பண்றாங்க, எந்தத் தோல், எவ்வளவு பண்ண முடியும்னு எல்லாமே ஒரு அழகான படத்துக்குள்ள இருந்துச்சு. இவர் தோல் வாங்குற டேனரிக்கு லெதர் ஒர்க்கிங் குரூப் சான்றிதழ் இருக்கு. வெளிநாட்டுக்காரன் கேக்கிற முதல் கேள்வியே இப்போ அதுதான். அதுவும் ஸ்கேன் பண்ணின படமாத்தான் இருக்கு! படத்துக்குள்ள இருக்கிற எழுத்தைக் கூகிள் படிச்சுக்கும்னு நம்பிட்டு இருக்க முடியுமா?

இந்தக் கூத்து தமிழுக்கும் நடந்திருக்கு. 2000-கள்ல ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகை சைட்டுக்கும் தனித் தனி எழுத்துரு. அதை இறக்கினாத்தான் படிக்கவே முடியும். கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு அது ஏதோ கிறுக்கல். யூனிகோடுக்கு மாறின பிறகுதான் தேடினா கிடைக்க ஆரம்பிச்சது. தமிழக அரசே 2010-லதான் யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிச்சு. கண்ணுக்குத் தெரியறது வேற, தேடினா கிடைக்கிறது வேறன்னு அனுபவிச்ச கூட்டம் நாம.

சரி, அவங்கவங்க சைட்டை எப்படிப் பாக்கிறது? கூகிள்ல ஆங்கிலத்துல 'சைட்'னு போட்டு, ஒரு முக்காப்புள்ளி வச்சு, இடைவெளி விடாம உங்க முகவரியை அடிங்க. நாப்பது பக்கம் இருக்கிற சைட்டுக்கு மூணே மூணு வந்தா ஏதோ கோளாறு. எதுவுமே வரலைன்னா, சைட்டைப் புதுசாப் பண்ணிக் கொடுத்த புண்ணியவான், வேர்ட்பிரஸ் ரீடிங் செட்டிங்ஸ்ல 'தேடுபொறிகள் வர வேண்டாம்'ங்கிற டிக்கை எடுக்காம போயிருக்கலாம். ஒரே ஒரு டிக்! சில சமயம் உங்க தோல் கம்பெனி பேர்ல ஜப்பானிய எழுத்துல நூத்துக்கணக்கான பக்கம் வரும். பயப்படுங்க, சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான். அப்போ மட்டும் யோசிக்காம அன்னிக்கே ஆளைக் கூப்பிடுங்க.

அடுத்தது சர்ச் கன்சோல். காசு கிடையாது, ஆனா சைட் வச்சிருக்கிற பாதிப் பேர் இதைத் திறந்ததே இல்லை. எந்த வார்த்தைக்கு உங்க சைட் வருதுன்னு பாருங்க. பாய்க்கு வந்ததெல்லாம் அவர் கம்பெனி பேர் மட்டும்தான். அதாவது, ஏற்கெனவே தெரிஞ்சவன் மட்டும்தான் வர்றான். தெரியாதவன் "இந்த மாதிரி ஷூ அப்பர் யார் தைப்பாங்க"ன்னு தேடும்போது இவர் ஆட்டத்துலயே இல்லை. என்னைப் பொறுத்தவரைக்கும் ஆடிட் வேணும்ங்கிறதுக்கு இதை விட உறுதியான அறிகுறி கிடையாது.

சைட்டைப் புதுசாக்கினதும் வரத்து படுத்துடுச்சுன்னா, பழைய பக்கங்களோட முகவரியிலிருந்து புதுசுக்கு வழி போட்டு வைக்காம விட்டிருப்பாங்க. இதுவும் ஆடிட் கேஸ்தான்.

ஆனா எல்லாச் சரிவும் உங்க தப்பு இல்லைங்க. தோல்ல சீசன் உண்டு, அதனால போன மாசத்தோட ஒப்பிடாம போன வருஷம் இதே மாசத்தோட பாருங்க. இன்னொண்ணு, கூகிளே மேல ஏ.ஐ. பதில் எழுதிக் காட்டுதே, அது 2024 ஆகஸ்ட்ல இந்தியாவுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் நிறைய சைட்டுகளுக்கு, தேடல்ல தெரியற எண்ணிக்கை குறையாமலே கிளிக் மட்டும் குறையுது. எந்த ஆடிட்டும் அதைத் திருப்பிக் கொண்டு வராது. மூணாவது இடத்துலருந்து அஞ்சுக்குப் போனதுக்கும், சைட் போட்டு ரெண்டே வாரத்துல முதல் பக்கத்துல வரலைங்கிறதுக்கும் ஆடிட் வேண்டாம். ரெண்டு வாரத்துல முதல் பக்கம்னு கேரண்டி கொடுக்கிறவனுக்குத்தான் ஆடிட் வேணும்!

பாய்க்கு நான் சொன்னது இதுதான். முகவரியை மூணு இடத்துலயும் ஒரே மாதிரி ஆக்குங்க. மாவட்டம் ராணிப்பேட்டை, பக்கத்துல 'ஆற்காடு அருகில்'னு போடுங்க, ஏன்னா வாங்குறவங்க இன்னும் அப்படித்தான் தேடறாங்க. படத்துல இருக்கிறதை எல்லாம் எழுத்தா அடிங்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். மூணு மாசம் கழிச்சும் உங்க பேரைத் தவிர வேற எந்த வார்த்தைக்கும் வரலைன்னா, அப்போ காசு கொடுத்து ஒரு நல்ல ஆளை வச்சுப் பாக்கலாம்.

"அப்போ அந்த நூத்துப் பதினாலு?"ன்னார்.

"ஸ்பேம்ல போடுங்க பாய்."

பி.கு: பாய் இப்போ தட்டச்சு பண்ண ஒரு பையனைத் தேடிட்டு இருக்கார். மேல்விஷாரம், ஆற்காடு பக்கம் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.