பேசாத சர்வரும் ராத்திரி ரெண்டு மணியும்

பூட் ஆகும்போது ஓடுற வரிகளையெல்லாம் யாருங்க படிக்கிறாங்கன்னு கேக்கிற கட்சியா நீங்க? போன மாசம் வரைக்கும் நானும் அதே கட்சிதான்.

நண்பரோட மருந்துக்கடை பில்லிங் ஓடுற சர்வரை நான்தான் பாத்துக்கிறேன். பெட்டி ஜெர்மனியில, நான் மதுரையில. ராத்திரி கர்னல் அப்டேட் போட்டு ரீபூட் பண்ணேன். பிங் வரல. சீரியல் கன்சோல் ஜன்னலைத் திறந்தா, கர்னல் வரிகள் கொஞ்சம் ஓடி, அப்புறம் கப்சிப். ஒரு நிமிஷம் பாத்துட்டு, புது கர்னல் தொங்கிடுச்சுன்னு நானா தீர்ப்பு சொல்லி ரீசெட். மூணு தடவை! பழைய கர்னலுக்குப் போனாலும் அதே கதை. காலைல ஒன்பதுக்குக் கடை திறக்கணும், எனக்கோ வயித்தைக் கலக்குது.

ரெஸ்க்யூ மோடுல போய் லாக்கைத் தேடினா ஒண்ணுமே இல்ல. ஜர்னல் மெமரியில மட்டும் இருந்திருக்கு, ஒவ்வொரு ரீசெட்லயும் நானே அழிச்சிருக்கேன்.

கடைசில எஃப்எஸ்டேப் ஃபைலை வரி வரியாப் படிச்சப்பதான் புரிஞ்சுது. எப்பவோ கழட்டின டிஸ்க்கோட வரி அப்படியே இருக்கு. சிஸ்டம்டி அதுக்காக 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகும். நான் அந்த 90 விநாடி கூடப் பொறுக்கல. வரியை எடுத்தேன், சர்வர் எழுந்துச்சு. மணி நாலரை.

"டிஸ்க்குக்காகக் காத்திருக்கேன்"னு அது சொல்லாம இல்ல. என் க்ரப் வரியில சீரியல் முதல்ல, டிடிஒய்0 கடைசில. கர்னல் செய்தி ரெண்டுக்கும் போகும். சிஸ்டம்டி பேசுறது கடைசியா எழுதின கன்சோல்ல மட்டும்தான். அதாவது, மானிட்டரே இல்லாத பெட்டியோட மானிட்டர்ல!

என் கருத்து இதுதான். 'கொயட்' எல்லாம் எதிர்ல ஆள் உக்காந்திருக்கிற டெஸ்க்டாப்புக்கு அழகு. தூரத்துல இருக்கிற சர்வர் வாயாடியா இருக்கணும். 'கொயட்'டைத் தூக்குங்க. 'கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' கடைசில வரட்டும். ஜர்னலை டிஸ்க்குல சேமிக்கச் சொல்லுங்க (டெபியன் 11-ல இருந்து, அதாவது 2021 முதல், அதுவே அப்படித்தான் வருது, என்னோடது அதுக்கு முந்தின பழசு). அப்புறம் 'ஜர்னல்சிடிஎல் -பி -1' போட்டா முந்தின பூட்டோட கதை கிடைக்கும். அவசியமில்லாத டிஸ்க் வரிக்கு 'நோஃபெயில்' சேருங்க.

எல்லாம் முடிச்சிட்டு, பட்டப்பகல்ல வேணும்னே ஒரு தடவை ரீபூட் பண்ணி, கடைசி வரி வரைக்கும் உங்க கண்ணுக்குத் தெரியுதான்னு பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலாம் :-)