தேற்றரவாளன் என்னும் சொல்

'தேற்றரவாளன்' வழக்கிறந்த சொல். இளையோர்க்கு விளங்காத சொல். ஆதலின் அதனை விலக்கித் 'துணையாளர்' என்றே யாங்கணும் வழங்குதல் வேண்டும் என்போர் இன்று பலராயினர். அவருள் கற்றோரும் உளர். எனினும் அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதே எம் துணிபு.

யோவான் நற்செய்தியின் 14, 15, 16ஆம் அதிகாரங்களில் நான்கிடத்தும், யோவானின் முதல் திருமுகத்தில் ஓரிடத்தும் 'பாராக்கிளேத்தோசு' என்னும் கிரேக்கச் சொல் வருகின்றது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்வைந்திடமே. 'அருகே அழைக்கப்பட்டவர்' என்பது அதன் உறுப்புப் பொருள். வழக்கு மன்றில் ஒருவனுக்காகப் பரிந்து பேசுவோனையும் அது சுட்டும். இலத்தீன் விவிலியம் நற்செய்தியில் அதனை மொழிபெயர்க்கத் துணியாது ஒலிபெயர்த்தே வைத்தது. ஆங்கிலத்தாரோ 1611இல் 'கம்ஃபர்ட்டர்' என்றனர். 1946இல் 'கவுன்சிலர்' என்றனர். 1989இல் 'அட்வகேட்' என்றனர். இடையே 'ஹெல்ப்பர்' என்பாரும் தோன்றினர். தம் மொழியிலேயே நிலைகொள்ளாதாரைப் பார்த்து நாமும் சொல் மாற்றுவது என்ன முறை?

தமிழில், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த திருப்புதல் 'தேற்றரவாளன்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'துணையாளர்' என்றது.

'அரவு' என்றால் பாம்பன்றோ, தேற்றும் பாம்பு உண்டோ என்று நகையாடினார் ஓர் அன்பர். தொழிற்பெயர் விகுதிகளை அடுக்குமிடத்துப் 'பாடு' என்பதனோடு 'அரவு' என்பதனையும் இலக்கண நூலார் வைத்துள்ளமையை அவர் மறந்தனர் போலும். தோற்று என்பதினின்று தோற்றரவு. தேற்று என்பதினின்று தேற்றரவு. அதனை ஆள்பவன் தேற்றரவாளன். பாம்பு எங்கே வந்தது?

இனிப் பொருளுக்கு வருவோம். தேற்றுதல் என்பது கண்ணீர் துடைத்தல் மட்டுமன்று. நோயாளி உடல் தேறுகின்றான். மாணவன் தேர்வில் தேறுகின்றான். கலங்கல் நீர் தேறுகின்றது. கலத்தின் உட்புறத்தே தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளிய வைத்த நம் பாட்டிமாரைக் கேளுங்கள், தேற்றுதல் யாதென்று அவர் சொல்வர். தொல்காப்பியனார் ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைச் சொன்னார். ஆண்டு அச்சொற்குத் தெளிவு, உறுதி என்பதே பொருள். யோவான் 16ஆம் அதிகாரத்தில் அந்த ஆவியானவர் ஆறுதல் மட்டுமா தருகின்றார்? உலகின் குற்றத்தை உணர்த்துகின்றார்; உண்மை முழுவதற்குள்ளும் வழிநடத்துகின்றார். ஆற்றுதல், வலுவூட்டுதல், தெளிவித்தல் ஆகிய மூன்றையும் ஒரே வினையடியில் அடக்கவல்ல மொழி தமிழ். 'கம்ஃபர்ட்' என்பதும் இலத்தீனில் வலுவூட்டுதலைக் குறித்ததே. இன்றைய ஆங்கிலம் அப்பொருளைக் கைவிட்டது. தமிழ் கைவிடவில்லை.

'அருகே அழைக்கப்பட்டவர்' எனும் உறுப்புப் பொருளுக்குத் துணையாளரே நெருங்கியது என்பர். மெய்யே, இவ்வொரு வாதம் வலியுடையது. ஆயினும் ஒரு சொல் பிறந்த வழி வேறு, அது செய்யும் பணி வேறு. உறுப்புப் பொருளே முடிபாயின் திருமுகத்திலும் துணையாளர் என்றன்றோ நிற்றல் வேண்டும்? ஆண்டு இரு மொழிபெயர்ப்புகளும் பரிந்து பேசுதலையே கூறின. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் உரிமை அங்கு உண்டெனின், நற்செய்தியில் மட்டும் ஏன் இல்லை? மேலும், கோப்புகளோடு காலந்தள்ளும் எம்போன்றோர் செவிக்குத் 'துணை' என்றதும் துணை இயக்குநரும் துணைச் செயலாளருமே முன் வந்து நிற்கின்றனர். கடவுளின் ஆவியாரை யாருக்கு அடுத்த படியில் அமர்த்துவது?

'அன்' விகுதி மரியாதைக் குறைவு எனின், 'தேற்றரவாளர்' என்க. அதில் எமக்குத் தடையில்லை.

இத்தீவுகளில் இவ்வழக்கிற்குத் தனிக் காரணமும் உண்டு. பெரார்கஞ்சிலும் அதன் சுற்றூர்களிலும் ராஞ்சிப் பக்கத்தாரும் வங்காளியரும் தமிழரும் கலந்து வாழ்தலின் இந்தியே பொதுமொழி. இந்தி விவிலியத்தில் இவ்விடத்து நிற்கும் சொல் 'சகாயக்'. பள்ளியில் இந்தி பயிலும் நம் பிள்ளைகள் 'துணையாளர்' என்பதைச் 'சகாயக்' என்பதன் பெயர்ப்பாகவே கொள்வர். 'தேற்றரவாளன்' என்றாலோ நின்று வினவுவர். வினவினால் தேறு, தேற்று, தேற்றம், தேற்றா எனச் சொற்குடும்பம் ஒன்றை முழுதும் அவர்க்குக் காட்டலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் இத்தீவுகளில் இறந்தோர்க்காக மன்றாடியவர்க்கு வேண்டியிருந்தது உதவியாளர் ஒருவர் மட்டுந்தானோ?

புதிய பதிப்பாளர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. துணையாளரை அடிக்குறிப்பில் வையுங்கள். தேற்றரவாளரை மூலத்தில் வையுங்கள்.