உப்பும் தேசிக்காயும் எதற்கு?

டெக்கீலா என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது ஒரு சடங்கு. புறங்கையில் உப்பு, விரலிடுக்கில் தேசிக்காய்த் துண்டு, ஒரே மடக்கு, பிறகு முகச்சுளிப்பு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே அருந்தியவன். அதன் சுவை எப்படி என்று எவரேனும் கேட்டிருந்தால் உப்பையும் புளிப்பையும் பற்றி மட்டுமே என்னால் சொல்லியிருக்க முடியும்.

மெக்சிகோ சென்று திரும்பிய நண்பர் ஒருவர் போர்ட்டலேசா என்னும் வெள்ளை டெக்கீலாப் போத்தலொன்றைக் கொண்டுவந்தார். தேசிக்காய் நறுக்க எழுந்த என்னைத் தடுத்து அமர்த்தினார். வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் இரண்டு விரலளவு ஊற்றி, பத்து நிமிடம் தொடக்கூடாது என்றார். காத்திருந்து முகர்ந்தேன். தணலில் சுட்ட வற்றாளங்கிழங்கின் மணம் முதலில் வந்தது. அதன் பின்னே மிளகு, தோடம்பழத் தோல், மழை விழுந்த மண். நாவிலும் அதே ஒழுங்கு. காரம் இருந்தது, எரிவு இல்லை.

அந்த மணம் அடுப்பிலிருந்து வருவது. டெக்கீலாவின் மூலப்பொருள் நீலக் கற்றாழை. (இதனைக் ‘கள்ளிச் செடி மது’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. கள்ளிக்கும் இதற்கும் உறவில்லை. நம் ஊர் வேலிகளில் நிற்கும் ஆனைக் கற்றாழையே இதன் உறவு.) அது முதிர ஆறு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். ‘கோவா’ எனப்படும் வட்ட அலகுக் கருவியால் மடல்களைச் சீவியெறிந்தால் அன்னாசி போன்ற பருத்த நடுத்தண்டு எஞ்சும். பழைய முறையில் அதனைச் செங்கல் அடுப்பில் இரண்டு மூன்று நாள் நீராவியில் வேகவைப்பார்கள். தண்டிலுள்ள மாப்பொருள் போன்ற சத்து இனிப்பாக மாறுவது அப்போதுதான். பின்னர் ‘தஹோனா’ என்னும் பெருங்கற்சக்கரத்தை உருட்டி நசுக்கி, மரத்தொட்டியில் நொதிக்க விட்டு, செப்புக் கலத்தில் இரு தடவை வடிப்பார்கள். நான் அருந்தியது இவ்வாறு செய்யப்பட்டதே.

இன்று பெரிய ஆலைகள் சிலவற்றில் வேறு வழி உண்டு. ‘டிப்யூசர்’ என்னும் நெடிய இயந்திரம் பச்சைத் தண்டைச் சிதைத்து, வெந்நீரைப் பாய்ச்சிச் சத்தை உறிஞ்சி எடுக்கிறது. வேகவைப்பது அதன் பிறகு, சாற்றை மட்டுமே. செலவு குறைவு, விளைச்சல் அதிகம். மணமோ பெரும்பாலும் வெறுமை. நானும் ஒப்பிட்டுப் பார்க்க அத்தகைய ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். முகர்ந்தபோது மருத்துவமனை நினைவுதான் வந்தது.

என் குறை இயந்திரத்தின் மீதல்ல. இரண்டு போத்தல்களிலும் ‘100 வீதம் கற்றாழை’ என்றே அச்சிட்டிருக்கிறது; இரண்டும் அதைச் சட்டப்படியே சொல்கின்றன. அந்தச் சொற்கள் இல்லாத டெக்கீலாவில் 51 வீதம் கற்றாழைச் சர்க்கரை இருந்தாலே போதும் என்பதால் அவை பயனற்றவையும் அல்ல. ஆனால் அடுப்பா, இயந்திரமா என்பதை எழுதவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. 1974ஆம் ஆண்டு முதல் ‘டெக்கீலா’ என்ற பெயரையே புவிசார் உரிமையாகக் காத்துவரும் நாடு, எவ்வாறு செய்யப்பட்டது என்ற ஒரு வரியை மட்டும் ஏன் கட்டாயமாக்கவில்லை? பத்திரிகையில் செய்தியின் மூலத்தைக் குறிப்பிடாது விட்டால் எங்கள் ஆசிரியர்கள் சும்மா விட்டதில்லை.

மரப்பீப்பாயில் கிடந்த வகைகளில் பீப்பாயின் வாசனை பல குறைகளை மூடிவிடும். நிறமூட்டி, சர்க்கரைப் பாகு, கிளிசரின் போன்றவற்றை எடையில் ஒரு வீதம் வரை அறிவிக்காமலே சேர்க்கவும் அவற்றுக்கு இடமுண்டு. வெள்ளைக்கு அந்தப் போர்வை இல்லை. ஆகவேதான், ஓர் ஆலையை அறிய விரும்புவோர் விலையுயர்ந்த முதிர்ந்த போத்தலை விட்டு முதலில் அதன் வெள்ளையை வாங்கவேண்டும் என்பேன். ஐஸ் வேண்டாம். துணைக்கு ஏதும் தேவையென்றால் மெக்சிகோவில் அருந்துவதுபோல் ‘சங்ரீத்தா’ என்னும் புளிப்புக் காரச் சாற்றைத் தனிக் குவளையில் வைத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு குவளையைக் கழுவாமலே உறங்கிவிட்டேன். காலையில் எடுத்து முகர்ந்தேன். உலர்ந்த அடியில் சுட்ட கிழங்கின் மணம் இன்னும் இருந்தது.